பரோட்டாக் கடைக்காரன் மகளுக்குக் கோதுமை ஆகவில்லை

என் மகள் கயல் பதினொன்றாம் வகுப்பு படித்த வருஷம் அது. எதைச் சாப்பிட்டாலும் வயிறு உப்பும். ஓயாத வயிற்றுப்போக்கு. ரத்தம் குறைந்து, பள்ளிக்கூடப் படி ஏறவே மூச்சு வாங்கினாள். பூச்சி மருந்து, சத்து டானிக் எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். விளாங்குடியில் எங்கள் தெருவே, "அந்தப் புள்ளைக்கு ஏதோ பெரிய நோவு" என்று பேசியது. ஆரப்பாளையத்தில் எனக்குப் பரோட்டாக் கடை. பிள்ளை தேறட்டும் என்று சூடாகக் கொண்டுபோய் ஊட்டினேன். இன்னும் இளைத்தாள்.

ஒரு நாள் தலை சீவும்போது முடி கொத்தாக வந்ததைப் பார்த்து என் மனைவி செல்வி அழுதுவிட்டாள். திருவாதவூர்ப் பக்கம் வயலோரம் இருக்கும் எங்கள் குலதெய்வம் அய்யனார் முன்னால் போய் விழுந்தேன். "அய்யா, உடனே குணமாக்குன்னு கேக்கல. என்ன நோவுன்னு மட்டும் காட்டிக்குடு" என்று கதறினேன்.

அந்த வாரமே, கடைக்கு வந்த ஒருவர் சொல்லி, குடல் நோய் பார்க்கும் மருத்துவர் அம்மாவிடம் போனோம்.

"புள்ள என்ன சாப்பிடும்ணே?" என்று கேட்டார்.

"நம்ம கடைப் பரோட்டாதாம்மா."

நிமிர்ந்து பார்த்தார். ரத்தப் பரிசோதனை எழுதினார். பிறகு குழாய் விட்டு, குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் அவள் உடம்பே அவள் குடலைத் தாக்குமாம்.

"இம்புட்டு நாளா நல்லாத்தானம்மா சாப்பிட்டா?" என்றேன்.

"இது வர்ற வாகு பிறவியிலயே இருந்திருக்கும்ணே. குடல்ல ஏகப்பட்ட பாக்டீரியா இருக்கு. சிலது குளூட்டன உடைக்கிற விதத்துல இந்தத் தாக்குதல் கூடலாம், சிலதால தணியலாம்னு ஆராய்ச்சி பண்றாங்க. அந்த பாக்டீரியாக் கலவை மாறுனதும் ஒரு காரணமா இருக்கலாம். இன்னும் முடிவாத் தெரியல."

"அப்ப நல்ல பாக்டீரியா இருக்கிற மோரு, பழைய சோறு குடுத்தாச் சரியாயிருமா?" என்றாள் செல்வி.

"தாராளமாக் குடுங்க. ஆனா அத நம்பி ஒரு துண்டு பரோட்டா கூடக் குடுத்துறாதீங்க. கோதுமை, மைதா, ரவை, சேமியா ஆயுசுக்கும் கூடாது."

நோவுக்குப் பேர் கிடைத்துவிட்டது. நான் கேட்டதை அய்யனார் கொடுத்துவிட்டார்!

பரோட்டாக் கல்லை இறக்கினேன். இடியாப்பம், ஆப்பம், கறிக்குழம்பு என்று கடையையே மாற்றினேன். "மாப்ள, கிறுக்குப் புடிச்சிருச்சா?" என்றார்கள் வாடிக்கையாக வருபவர்கள். இப்போது அவர்களே வரிசையில் நிற்கிறார்கள். கடையில் வாங்கும் பெருங்காயத்திலும் மைதா கலந்திருப்பதை டப்பாவைப் படித்துக் கண்டுபிடித்தது கயல்தான். கல்யாண வீட்டில் சமையல்காரரிடமே போய், "சாம்பாருக்கு எந்தப் பெருங்காயம்ணே?" என்று கூசாமல் கேட்பாள். இலையில் கேசரி வைத்து, "ஒரு வாய்தானே" என்று வற்புறுத்திய தாய்மாமனிடம், "இது அடம் இல்ல மாமா, நோய்" என்றாள். பந்தியே திரும்பிப் பார்த்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மெல்ல மெல்ல உடம்பு தேறியது. இந்த வருஷம் கல்லூரிக் கபடி அணிக்கு அவள்தான் கேப்டன். இறுதி ஆட்டத்தில் தன்னைப் பிடித்த மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு நடுக்கோட்டைத் தொட்டாள். "அது எம் மக!" என்று கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

சாமியை நம்பும் சொந்தங்களே, உங்கள் வீட்டிலும் பேர் தெரியாத நோவு இருக்கலாம். மனம் விட்டுக் கேளுங்கள். சாமி வழி காட்டும். அந்த வழி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாலும் தயங்காமல் போங்கள். அங்கேயும் அவர்தான் இருக்கிறார்.