சங்கின் முன்பல்

கண் திறப்பதற்கு முன்பே அவருடைய நாக்கு எழுந்துவிடும். நேராக மேல்வரிசைக்குப் போய் நடுவில் இருக்கும் ஒரு முன்பல்லை மெல்லத் தொட்டுப் பார்க்கும். இருக்கிறது. ஆடுகிறது, ஆனால் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் மனிதர் கண்ணைத் திறப்பார். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும் மனைவி திரும்பாமலேயே கேட்பார்.

"இருக்கா?"

"ம்."

"அப்ப எழுந்திரிங்க."

அவரைச் சங்கு என்றால்தான் தெரியும். ட்ரம்பெட்டை எடுத்தால் அடுத்த தெருவில் கதவு திறக்கும் என்பதால் குழுவினர் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை மனைவியே மறந்திருக்கக்கூடும். அவர்களுடையது ஜாஸ் ராக் குழு. மின்கிதாரும் டிரம்ஸும் ஒரு பக்கம் இடிக்க, ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் இன்னொரு பக்கம் குழையும். ராக் ரசிகர்கள் இது ஜாஸ் என்று திட்டினார்கள், ஜாஸ் ரசிகர்கள் இது ராக் என்று திட்டினார்கள். இருபக்கமும் திட்டு வாங்கியே எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. இப்போது நெடுங்காலம் கழித்து ஒரு புது ஆல்பம். இதுதான் கடைசி என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை.

பல் ஆடத் தொடங்கியதும் இப்போதுதான். ட்ரம்பெட் ஊதுகிறவனுக்கு உதடு எவ்வளவு முக்கியமோ, உதட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும் பல்லும் அவ்வளவு முக்கியம். சுரம் மேலே போகப் போக, ஊதும் முனையான மவுத்பீஸ் உதட்டை அழுத்தும், உதடு பல்லை அழுத்தும். அந்த இடத்தில் பல் அசைந்தால் சுரமும் அசைந்துவிடும். பல் மருத்துவர் சிரித்த முகத்தோடு சொன்னார்: "எடுத்துட்டு வேற ஒண்ணு வெச்சிரலாம். சாப்பிட ஒரு சிரமமும் இருக்காது."

"ஊதறதுக்கு?"

"அது எனக்குத் தெரியாதுங்களே."

அன்றிலிருந்து சங்கு பயந்து பயந்து வாழ்கிறார். ரொட்டியின் ஓரத்தைப் பாலில் ஊறவைத்துத் தின்கிறார். ஆப்பிளை மனைவி கண்ணாடி மாதிரி சீவித் தந்தால்தான் தொடுகிறார். தூக்கத்தில் பல்லை விழுங்கிவிடுவோமோ என்று இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறார். சட்டைப்பையில் கைக்குட்டை, கால்சட்டைப் பையில் மவுத்பீஸ். உள்ளங்கைச் சூட்டில் அதை வைத்திருந்தால்தான் உதட்டுக்கு இதம் என்பது பழைய பழக்கம்.

குழுவில் யாரிடமும் சொல்லவில்லை. சாக்ஸபோன்காரர் மனைவியின் தம்பிதான், வாயாடி. வழக்கம்போல் காரில் ஏறியதுமே ஆரம்பிப்பார். "என்ன மச்சான், சிரிச்சா காசு கேக்கறாங்களா? வாயை இப்படித் தெச்சு வெச்சிருக்கே!" சங்கு மூக்கு வழியாகச் சிரித்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் இவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. தனித்தனியாக வாசித்து ஒட்டுகிற வேலையே கிடையாது. எல்லோரும் ஒரே அறையில், ஒரே மூச்சில் வாசிப்பார்கள். கடைசி ஒலி தேய்ந்து அடங்கி, சிவப்பு விளக்கு அணையும்வரை யாரும் அசையக் கூடாது. முதல் ஆல்பத்தின் முடிவில் பியானோக்காரருடைய நாற்காலி 'கிரீச்' என்றது அப்படியே பதிவாகிவிட்டது. அது ஏதோ புதுக் கருவி என்று நினைத்து ரசிகர்கள் இன்றும் விசாரிக்கிறார்கள். பியானோக்காரர்தான் தலைவர், பாட்டெல்லாம் அவர் எழுதியவை. எவ்வளவு நன்றாக வாசித்தாலும் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "நல்லா வந்துச்சு. இன்னும் ஒண்ணு, சும்மா." சங்கை இப்போது உலகத்திலேயே அதிகமாக நடுங்கவைக்கும் சொல் அந்த 'சும்மா'. ஒவ்வொரு சும்மாவுக்கும் பல் கொஞ்சம் கூடுதலாக ஆடுகிறது.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு ட்ரம்பெட்டில்தான் முடிகிறது. மற்றவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட, உச்சியில் ஒரு நீண்ட சுரம் தனியாக ஒலிக்கும். அது ஓயும்போது டிரம்ஸ்காரர் சிம்பல் என்ற வெண்கலத் தட்டை ஒருமுறை தட்டுவார். ஒத்திகை நாளில் அந்தச் சுரம் நடுவில் விரிசல் விட்டது. மறுநாளும் விட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர், கெட்டிக்காரப் பெண், அன்பாகத்தான் சொன்னாள்: "சார், நீங்க கஷ்டப்படாதீங்க. உங்க பழைய ரெக்கார்டு எல்லாம் எங்கிட்ட இருக்கு. அதுல இதே சுரம் சூப்பரா இருக்கு. எடுத்து ஒட்டிட்டா யாருக்குமே தெரியாது."

வேறு எவனாவது வந்து தன் இடத்தைப் பிடிப்பான் என்றால் அவரும் ஒரு கை பார்த்திருப்பார். வருகிறவன் பழைய சங்கே அல்லவா? முப்பது வயசு, வாய் நிறையப் பல். அவனோடு எப்படிச் சண்டை போடுவது? அன்று சாப்பாடே இறங்கவில்லை. "என்னை வெச்சே எனக்குச் சங்கு ஊதப் பாக்கறாங்க," என்றார் மனைவியிடம். சிரிக்க வேண்டிய பேச்சுதான், அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

கடைசிப் பாட்டைப் பதிவு செய்த நாளில் அவர் தன் பழைய கம்பளித் துண்டை விரித்து அதன்மேல் நின்றார். எங்கே வாசித்தாலும் காலடியில் அது இருக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டு நன்றாகவே போனது. கிதார் நின்றது, பியானோ நின்றது, பக்கத்தில் மச்சான் சாக்ஸபோனை இறக்கினார். சங்கு உச்சிச் சுரத்துக்கு ஏறினார். சுரம் நிலைத்து ஒலித்தது, தெளிவாக, நேராக. அறையிலிருந்த எல்லோருக்கும் முகம் மலர்ந்தது.

அப்போது உதட்டுக்குப் பின்னால் 'டக்' என்று ஏதோ விட்டது. சுரம் சாய்ந்து, காற்றாகி, அறுந்தது. டிரம்ஸ்காரர் பழக்கதோஷத்தில் சிம்பலைத் தட்டிவிட்டார்.

சட்டம் சட்டம்தான். சிம்பல் அடங்கும்வரை யாரும் அசையவில்லை. சங்கு நாக்கின்மேல் பல்லை வைத்துக்கொண்டு, உப்புக் கரிக்கும் எச்சிலை விழுங்கவும் முடியாமல் சிலைபோல நின்றார். அந்தச் சிம்பல் அவ்வளவு நேரம் ஒலித்ததை அவர் கேட்டதே இல்லை. விளக்கு அணைந்தது.

எல்லோரும் பியானோக்காரரைப் பார்த்தார்கள். 'இன்னும் ஒண்ணு, சும்மா' என்ற சொல்லுக்காகத்தான் காத்திருந்தார்கள். அவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சங்கைப் பார்க்காமல் பியானோவைப் பார்த்துச் சொன்னார்: "போதும்ப்பா. கடைசி சுரத்தை அந்தப் பொண்ணு பாத்துக்கும்."

இத்தனை நாள் எந்த வார்த்தைக்கு நடுங்கினாரோ, அது வராமல் போனபோதுதான் சங்குக்கு உண்மையான பயம் என்ன என்று தெரிந்தது.

மச்சான் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, அவர் உதட்டோரம் இருந்த சிவப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "மச்சான்... என்னாச்சு?"

சங்கு கைக்குட்டையை எடுத்தார். பல்லை அதில் துப்பி, நான்காக மடித்து, மச்சான் கையில் வைத்து அழுத்தினார். மவுத்பீஸைத் துடைத்தார். ட்ரம்பெட்டை உயர்த்தி, பொக்கை இடத்தை விட்டுக் கொஞ்சம் தள்ளி, இன்னும் கெட்டியாக நின்ற பக்கத்துப் பல்லுக்கு நேராக வைத்துப் பார்த்தார். பிறகு ட்ரம்பெட்டைப் பிடித்த கையிலிருந்தே ஒரு விரலைப் பிரித்து, பியானோக்காரர் நிமிர்ந்து பார்க்கும்வரை, தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.