கேதீஸ்வரி வைத்த கைப்பிடி

வினாயகமூர்த்தி தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டது அகதி முகாமுக்கு வந்த பிறகுதான். மகள் கேதீஸ்வரிக்கு அது உடனே தெரியவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தால் பாதியை வைத்துவிடுவார். கேட்டால், "போதும் மகள், வயிறு ஊதிக் கிடக்கு" என்பார்.

அவர் வாவியில் வலை வீசிப் பிழைத்த மனிதர். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் விழுந்த ஷெல் குண்டில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதன் பிறகும் ஊன்றுகோலோடு தோணியில் ஏறித் தொழிலுக்குப் போனார். 2004 மார்கழியில் தங்கள் ஊரான கல்லடியில் கடல் ஏறி வந்தபோது கேதீஸ்வரிதான் அவரைப் பின்பக்கமாக அணைத்து இழுத்துப் பக்கத்து மாடிவீட்டுப் படியில் ஏற்றினாள். கரைக்குப் போயிருந்த அவளுடைய புருசன் உயிரோடு திரும்பவில்லை. வீடும் இல்லை. தகப்பனும் மகளும் ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் வந்து சேர்ந்தார்கள்.

முகாம் வாவிக்கரையை ஒட்டி இருந்தது. அங்கே கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும். அதனால் கக்கூசுகளை உயரமான சீமெந்துத் திட்டின்மேல் கட்டியிருந்தார்கள். ஏறப் படிகள் உண்டு. பிடிக்க ஒன்றும் கிடையாது. எந்நேரமும் ஈரம். ஒருநாள் காலை வினாயகமூர்த்தி மேல்படியில் வழுக்கி விழுந்தார். தண்ணீர் வாளியோடு வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் பார்க்க, உடுத்திருந்த சாரம் அவிழ்ந்து மண்ணில் கிடந்தார். ஓடிவந்து தூக்கிய மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

அன்றிலிருந்துதான் அவர் தண்ணீரைக் குறைத்தார். சோற்றையும் குறைத்தார். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் காலும் முகமும் வீங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, டொக்டர் கேதீஸ்வரியிடம் கேட்ட முதல் கேள்வி, "இவர் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறவர்?" என்பதுதான். பதில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது.

சிறுநீரகம் பழுதாகி அவர் இறந்தார். செத்த வீட்டுக்கு வந்தவர்கள், "வருத்தக்காரன்தானே, நோயில கிடந்து கஷ்டப்படாம நிம்மதியாப் போயிட்டார்" என்றார்கள். கடல் கொண்டுபோன பிள்ளைகளுக்காக அழுதுகொண்டிருந்த ஊரில் ஒரு கிழவனின் சாவைப் பற்றி நீளமாகப் பேச யாருக்கும் தெம்பு இருக்கவில்லை. அவளும் படியைப் பற்றியோ தண்ணீரைப் பற்றியோ ஒருவரிடமும் சொல்லவில்லை.

அமிர்தகழியில் அவளுக்குத் தாய்வழிச் சீதனமாக வந்த வெறும் வளவுக் காணி ஒன்று இருந்தது. அங்கே ஒரு கொட்டில் போட்டு, சோற்றுப் பார்சல் கட்டி விற்று நிமிர்ந்தாள். சண்டை முடிந்து கொழும்பு வீதி திறந்ததும் வெளிநாட்டுக்குப் போய்க் குடியேறிய சனம் ஊர் பார்க்க வரத் தொடங்கியது. ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் குளத்துத் தீர்த்தத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நரைத்த தலைகள். இருபது வருசமாகக் காணாத குளத்தைக் காண வந்தவர்கள், தங்கும் விடுதிகளில் மாடிப்படி ஏறி இறங்கி மூச்சு வாங்குவதை அவள் பார்த்தாள். அவளுடைய கடைக்கு வந்த ஒரு வயோதிபப் பெண், சோற்றைத் தொடுவதற்கு முன்பே காதோடு வாய்வைத்து, "புள்ள, இவடத்த குந்தாம இருந்து எழும்புற மாதிரி ஒரு கக்கூசு இரிக்கா?" என்று கேட்டாள்.

அந்த வாரமே கேதீஸ்வரி வளவில் ஒரு தங்கும் விடுதி கட்ட வங்கிக் கடனுக்கு அலையத் தொடங்கினாள். அடுத்த மாசம் காத்தான்குடி உசனார் மேசனைக் கூப்பிட்டாள்.

உசனார் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல் காக்கா என்றுதான் அவரை அழைப்பாள். வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "நாலு அறை தாராளமாப் போடலாம் தங்கச்சி. ஆனா இது தண்ணி ஊறுற மண். பாத்ரூம உசத்தித்தான் கட்டணும். உள்ளுக்குள்ள ஒரு படி வரும்."

"படி வரப்படாது காக்கா."

"வராட்டித் தண்ணி ஓடாது."

"அப்ப முழு வீட்டையும் உசத்துங்க. அறையும் பாத்ரூமும் ஒரே மட்டத்தில வரட்டும். வாசல்ல படி வெக்காம நீளமாச் சாய்ச்சுக் கட்டுங்க."

"மண்ணுக்கே உங்கட காசு முடிஞ்சிரும்."

"முடியட்டும். நான் இன்னும் சோத்துப் பார்சல் கட்டுறன்தானே."

அவர் பளபளக்கும் மாபிள் கல்லைக் கொண்டுவந்து காட்டினார். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்களாம். கேதீஸ்வரி ஒரு கல்லைத் தரையில் வைத்து, தண்ணீரை ஊற்றி, சவர்க்காரத்தைத் தேய்த்து, "இதுல ஏறி நில்லுங்க காக்கா" என்றாள். உசனார் காலை வைக்கப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். சொரசொரத்த சாம்பல் நிறக் கல் வந்தது. உட்காரும் கொமட்டுக்குப் பக்கத்திலும் தண்ணீர் சொரியும் சவருக்குக் கீழேயும் கைப்பிடிகள் பூட்டினார்கள். உட்கார்ந்திருந்து குளிக்க ஒவ்வொரு அறைக்கும் ஒரு பிளாஸ்டிக் கதிரை வைத்தாள்.

முதலில் வந்தவர்களில் நல்லரத்தினம் என்ற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் இருந்தார். குளியலறையை எட்டிப் பார்த்தவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, ஆஸ்பத்திரி வார்ட்டு மாதிரி? எனக்கு வேற அறை தாங்க. நான் நோயாளி இல்ல."

"எல்லா அறையும் இப்பிடித்தான் ஐயா. என்ட வீட்டு ஆக்களும் இதைப் பிடிச்சுத்தான் எழும்புறம்."

அவளுக்கு வீட்டு ஆட்கள் என்று யாரும் இல்லை. ஆனாலும் கூச்சமில்லாமல் சொன்னாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே கைப்பிடியின்மேல் துவாயைப் போட்டு மறைத்தார். புறப்படும் நாளில் அந்தத் துவாய் கட்டிலில் கிடந்தது. கைப்பிடியில் சவர்க்கார விரல் அடையாளங்கள் இருந்தன.

இப்படி ஒரு வருசம் போனது. 2011 ஆடி அமாவாசைக்கு முதல் நாள், கனடாவிலிருந்து அன்னப்பூரணி என்ற எழுபது தாண்டிய பெண்மணி மகன் பிரதீஸோடு வந்து இறங்கினாள். புருசன் பனிக்காலத்தில் டொரொன்டோவில் இறந்துபோனார். அவருக்குத் தீர்த்தமாட மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வான் வண்டியை விட்டு இறங்கியதும் வேறு பேச்சில்லாமல் குளியலறைக்குத்தான் போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஏதோ முறிகிற சத்தமும், பின்னால் ஒரு கனத்த சத்தமும் கேட்டன.

கேதீஸ்வரி அடுப்படியிலிருந்து ஓடினாள். பிரதீஸ் கதவில் தோளைக் கொடுத்து இடிக்கப் போனான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவு உள்பக்கம்தான் திறக்கும்.

"தம்பி, இடிக்காதீங்க. அம்மா கதவுக்குப் பின்னாலதான் கிடக்கிறா. சத்தம் கீழ இருந்து வருது."

அவள் வெளியே ஓடி, ஒரு மேசையை இழுத்துப் போட்டு ஏறி, குளியலறை யன்னலின் கண்ணாடித் தட்டுகளை ஒவ்வொன்றாக உருவி எறிந்தாள். அந்த இடுக்கால் உடம்பை நுழைத்து உள்ளே குதித்தபோது விலாவும் முழங்கையும் உரிந்தன. அன்னப்பூரணி சுவரோரம் கிடந்தாள். கைப்பிடி அவளுடைய கையிலேயே இருந்தது. சுவரில் அது இருந்த இடத்தில் சாந்து பெயர்ந்து ஓட்டை தெரிந்தது.

முதலில் ஒரு துவாயால் அவளை மூடினாள். பிறகுதான் தாழ்ப்பாளை நீக்கினாள்.

மணிக்கட்டு முறிந்திருந்தது. இடுப்புக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு முடியும்வரை பிரதீஸ் தாயின் மறுகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வெளியே வந்தபோது தணிந்த குரலில் சொன்னான்: "அக்கா, நீங்க அதை வெக்காமலே விட்டிருந்தா அம்மா சுவரைப் பிடிச்சு மெதுவா எழும்பியிருப்பா. அதை நம்பித்தான் முழுப் பாரத்தையும் குடுத்தா."

கேதீஸ்வரி சுவர்க் கல்லைக் குறை சொல்லியிருக்கலாம், மேசனைக் குறை சொல்லியிருக்கலாம். "ஓம் தம்பி. நீங்க சொல்றது சரி" என்று மட்டும் சொன்னாள். விடுதிக்குத் திரும்பியதும் மற்ற மூன்று அறைகளிலும் புகுந்து கைப்பிடிகளைத் தன் பலம் முழுவதையும் போட்டு இழுத்துப் பார்த்தாள். ஒன்று கழன்றது. மற்றவை ஆடின. அறைகளில் தங்கியிருந்தவர்களிடம் நடந்ததைச் சொல்லி, அவற்றைத் தொட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். இரண்டு பேர் வேறு இடம் தேடிப் போனார்கள்.

மறுநாள் விடிந்ததும் அன்னப்பூரணி தீர்த்தத்துக்குப் போயே தீருவேன் என்றாள். மகன் தடுத்தான்.

"இதுக்காகத்தான் கடல் தாண்டி வந்தன். கைதானே முறிஞ்சது? கால் நடக்குது" என்றாள்.

கேதீஸ்வரி கூடவே போனாள். கைக்கட்டில் நீர் படாமல் பொலித்தீன் சுற்றி, சன நெரிசல் குறைந்த பக்கமாகக் கதிரையைப் போட்டு அவளை இருத்தினாள். பிரதீஸ் தகப்பனுக்கான பிதிர்க்கடனை முடித்து, குளத்தில் முழுகி, ஒரு குடத்தில் தீர்த்தம் மொண்டு வந்து தாயின் தலையில் ஊற்றினான். அன்னப்பூரணி கண்ணை மூடிக்கொண்டு நனைந்தபடி இருந்தாள்.

திரும்பி வந்த பிறகு அவர்கள் வேறு விடுதிக்குப் போவார்கள் என்றுதான் கேதீஸ்வரி நினைத்தாள். அன்னப்பூரணி அசையவில்லை. "எனக்கு மேல ஏறி இறங்க ஏலாது. இவடத்தயே இருக்கிறன்" என்றாள்.

அன்று பின்னேரம் அவளுக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது கேதீஸ்வரி கேட்டாள்: "வந்த உடனே பாத்ரூமுக்கு ஓடினீங்களே அம்மா, வழியில எங்கயும் நிப்பாட்டல்லயா?"

"எங்க நிப்பாட்டுற? எல்லா இடத்திலயும் குந்துற கக்கூசு, இல்லாட்டிப் படி. கொழும்பில இருந்து வாற வழி முழுக்க நான் ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல்ல புள்ள. நாக்கு ஒட்டிப் போச்சு. அந்தத் தலைச்சுத்தோடதான் எழும்பினன்."

கேதீஸ்வரி சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு முகாமையும், படியையும், சாரம் அவிழ்ந்து மண்ணில் கிடந்த தகப்பனையும், பாதியில் வைத்த தேத்தண்ணீரையும் அந்தப் பெண்ணிடம் சொன்னாள். ஆறு வருசத்தில் அதை ஒருவரிடம் சொல்வது அதுதான் முதல் தடவை. அன்னப்பூரணி முழுவதையும் கேட்டாள். முடிவில், "அப்ப அந்தச் சுவரை ஒழுங்காக் கட்டு" என்றாள்.

அடுத்த நாளே உசனார் வந்தார். ஓட்டையைத் தடவிப் பார்த்ததும் அவருக்கு முகம் சுருங்கியது. "உள்ளுக்கு வெறும் ஓட்டையான பொள்ளல் கல்லு தங்கச்சி. துவாய் கொழுவுற கம்பி மாதிரி நினைச்சு ஆணி முறுக்கிட்டன். மனிசர்ர பாரம் வருமெண்டு யோசிக்கல்ல."

"நானும் யோசிக்கல்ல காக்கா. இப்ப உடைங்க."

"எவ்வளவுக்கு?"

"நாலு அறையிலயும்."

சுவரை வெட்டி, உள்ளே கம்பி கட்டி, கொங்கிறீட் ஊற்றுவதென்று முடிவானது. கைப்பிடிப் பைப்பின் இரண்டு காலும் சுவரை ஊடுருவிப் போய் வெளிப்பக்கம் இரும்புத் தகட்டில் முடுக்கப்படும். கதவுகளைக் கழற்றி வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்ற வேண்டும். அவசரத்துக்கு வெளியிலிருந்தே நீக்கக்கூடிய தாழ்ப்பாள் வேண்டும். உசனார் பைப்பை முன்பிருந்த உயரத்திலேயே பிடித்துக் காட்டியபோது, வாசலில் கதிரை போட்டிருந்த அன்னப்பூரணி, "அது கூடிப்போச்சு" என்றாள்.

உள்ளே வந்து கொமட்டில் இருந்து, முறியாத கையை இயல்பாக நீட்டினாள். "இருந்து எழும்பக்குள்ள கை இவ்வளவுக்குத்தான் வருது. நீங்க நிண்டுகொண்டு அளக்கிறீங்க."

உசனார் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். பிரதீஸ் மேற்சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு உடைந்த கல்லை அள்ளத் தொடங்கினான். யாரும் அவனிடம் கேட்கவில்லை.

கொங்கிறீட் இறுகியதும் முதலில் கேதீஸ்வரி தொங்கினாள். பிறகு உசனார் தொங்கினார். கடைசியில் பிரதீஸும் பிடித்து, மூன்று பேருமாக ஒரே கைப்பிடியில் பாரத்தைக் கொடுத்தார்கள். அது அசையவில்லை. அன்னப்பூரணி கேட்டாள்: "மற்ற அறையளையும் இப்பிடிப் பாத்தாச்சா?" பார்க்கப் போனார்கள்.

அவர்கள் புறப்படும்போது பிரதீஸ், "அண்டைக்கு நான் சொன்னதை மனசில வெக்காதீங்க அக்கா" என்றான்.

"வெக்கத்தான் வேணும் தம்பி" என்றாள் கேதீஸ்வரி.

ஒரு குறையும் மறைக்காமல் நடந்ததைச் சொல்லித்தான் அதன் பிறகு அறைகளைக் காட்டினாள். சிலர் பயந்து திரும்பிப் போனார்கள். பலர் கைப்பிடியை இழுத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியை இறக்கினார்கள். வங்கிக் கடன் மெதுவாகத்தான் அடைபட்டது. சோற்றுப் பார்சல் கடையை அவள் மூடவில்லை.

அடுத்த ஆனியில் பிரதீஸ் தொலைபேசியில் கூப்பிட்டான். அம்மா மறுபடியும் வருகிறாளாம். கூடவே பக்கவாதத்தில் விழுந்து சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு சிநேகிதியும் வருகிறாளாம். உங்கள் கதவுக்குள்ளால் நாற்காலி போகுமா என்று கேட்டான். அவள் தொலைபேசியை வைக்காமல் இருக்கச் சொல்லிவிட்டு, அளவு நாடாவை எடுத்துப் போய்ப் பார்த்தாள். அறை வாசல் போதும். குளியலறை வாசல் நான்கு விரல் குறைவாக இருந்தது.

"இப்ப போகாது தம்பி. நீங்க வரக்குள்ள போகும்" என்று சொல்லி வைத்தாள்.

பிறகு உசனாருக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"கதவு நிலையோட சுவரையும் உடைக்கணும் தங்கச்சி. இப்பதான் பூசி ஒரு வருசம்."

"ஓம் காக்கா. நாளைக்குக் காலம்பற வாறீங்களா?"

"வாறன்" என்றார் உசனார்.