ராமையா மாற்றிச் சொன்ன கதை

மலாயாவில், ரிங்லெட்டுக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ராமையாவுக்குத் தொண்டைதான் சொத்து. கொழுந்து உருட்டும் மெஷினோடு போட்டி போட்டுக் கத்திக் கத்தி வந்த குரல் அது. ஜப்பான் சண்டைக்கு முன்னால், வெள்ளைக்காரத் துரை ஃபேக்டரிக்குள் துணி கட்டி ஊமைப்படம் காட்டுவார். செத்தும் சாகாத ஒரு பிரபு கப்பலேறி வந்து, ஊர்க்காரர்கள் கழுத்தைக் கடித்து ரத்தம் குடிக்கிற கதை. துரையிடம் இருந்தது அந்த ஒரே படம்தான். ராமையா திரையோரம் நின்று கதையைத் தமிழில் சொல்வார்.

எங்களுக்குப் படம் தலைகீழ்ப் பாடம். அதனால் அவர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வார். "பேயி மாட்டு வண்டியில வருது பாரு!" என்பார். "கப்பல்!" என்று கூரை அதிரும். மகன் மாடசாமியின் குரல்தான் முந்திக்கொண்டு வரும். தாயில்லாமல் அவர் வளர்த்த பிள்ளை. அந்தக் குரலைக் கேட்டால் மனிதருக்கு முகமெல்லாம் பல்.

ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடினார். அடுத்த வருஷமே சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். போனவர்கள் யாரும் திரும்பவில்லை. வாலிபனாகிவிட்ட மாடசாமியும் மற்ற பையன்களும் காட்டில் ஒளிந்தார்கள். ஒரு மத்தியானம், தோட்டத்துக் கணக்கு எழுத ஜப்பான்காரன் கொண்டுவந்து வைத்த புதுக் கிராணி, எங்கள் குடியிருப்பில் லைன் லைனாகப் போய், "படம் காட்டுறாங்க, அரிசியும் குடுக்குறாங்க, எல்லாரும் வாங்கலா" என்றான். படுபாவி. பசியில் கிடந்த சனம் நம்பியது. காட்டிலிருந்தவர்களும் வந்தார்கள். மாடசாமி முன்வரிசையில் உட்கார்ந்தான்.

ஜன்னல்களைச் சாக்கால் மூடிப் படத்தை ஓட்டினார்கள். துரை விட்டுப்போன அதே படம். ராமையா நின்ற இடத்தில் சாக்கு கொஞ்சம் விலகியிருந்தது. முன்வாசலில் லோரிகள், கயிறோடு சிப்பாய்கள். கொழுந்து இறக்குகிற பின்கதவில் மட்டும் காவல் இல்லை. கத்தினால் உள்ளே நிற்கிற சிப்பாய் சுடுவான். கிராணிக்குத் தமிழ் தெரியும். ஆனால் அவன் இந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

கப்பல் வரும் காட்சி வந்தது. "பேயி லோரியில வருது," என்றார் ராமையா. "முன்வாசல்ல நிக்குது. வயசுப் பயலுங்க என்னா செய்யிறானுங்க? கொழுந்து எறக்குற கதவு வழியா ஒவ்வொருத்தனா நழுவுறானுங்க."

பின்வரிசையில் சிலருக்கு உறைத்தது. சத்தமில்லாமல் நழுவினார்கள்.

"கப்பலுப்பா! லோரி இல்ல!" மாடசாமிதான் கத்தினான்.

"கப்பல்! கப்பல்!" என்று கூட்டம் சிரித்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சிரித்த சிரிப்பு, பாவிகளுக்கு.

கிராணி திரையைப் பார்த்தான். காலியான பின்வரிசையைப் பார்த்தான். சிப்பாயின் கையைத் தட்டிப் பின்கதவைக் காட்டினான்.

"கதை இல்லடா! நெஜ லோரிடா! ஓடுங்கடா!"

துப்பாக்கிக் கட்டை ராமையாவின் தாடையை உடைத்தது. இரண்டாவது அடியில் பல்லெல்லாம் கொட்டியது. அப்படியும் அவர் கை பின்கதவையே காட்டியது. துப்பாக்கி முனைக் கத்தியை வயிற்றில் செருகித் திருகினான் சிப்பாய். திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். துணியெல்லாம் ரத்தம், அதன்மேலேயே படம் ஓடியது. சனம் பின்கதவில் முட்டி மோதியது. சுட்டார்கள். காட்டிலிருந்து வந்த பையன்களில் ஒருவனான செல்லையா நிலைப்படியிலேயே விழுந்தான், அவனை மிதித்துக்கொண்டுதான் மற்றவர்கள் தப்பினார்கள்.

மாடசாமி கதவுப் பக்கம் போகவில்லை. அப்பாவிடம் ஓடித் தலையை மடியில் எடுத்துக்கொண்டான். முதுகில் அடி விழ விழ, "லோரிதாம்ப்பா... நீ சொன்னதுதான் சரி... லோரிதாம்ப்பா" என்று அழுதுகொண்டே இருந்தான். கேட்பதற்கு ராமையா உயிரோடு இல்லை.

அவனைக் காலைப் பிடித்து இழுத்துப் போய் லோரியில் ஏற்றினார்கள்.