ஏர் பில்டருக்கு வைத்த பொட்டு

சந்தனத்தை மோதிர விரலால் தொட்டு, கார் என்ஜினுக்குக் காற்றை வடிகட்டும் அந்தச் சிவப்பு ஏர் பில்டரின் நெற்றியில் பாவா பொட்டு வைத்தது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஏர் பில்டருக்கு ஏது நெற்றி என்று கேட்காதீர்கள். பாவா கையில் எது கிடைத்தாலும் அதற்கு நெற்றி முளைத்துவிடும். சந்தனத்தின் மேல் குங்குமம், சுற்றிலும் மூன்று விரலால் அழுத்தித் திருநீற்றுப் பட்டை. பிறகு இரண்டடி பின்னால் போய், பெண் பார்க்க வந்தவரைப் போல் நின்று ரசித்தார்.

எங்கள் பக்கத்தில் அக்கா வீட்டுக்காரரைப் பாவா என்போம். பள்ளிப்பட்டில் விசைத்தறி வைத்திருந்தார். எந்த இயந்திரத்தையும் இருந்தபடி இருக்க விடமாட்டார், எந்தக் கதையையும் நடந்தபடி சொல்லமாட்டார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்கிற ரகம். என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அவரைக் கண்டாலே ஆகாது. ‘வாயாலேயே நெய்யறவரு’ என்பார். பாவாவும் விடாமல், மாமனார் முன்னால் உட்கார்ந்தால்தான் இன்னும் இரண்டு முழம் கூடுதலாக நெய்வார்.

நான் டாக்சி ஓட்டப் பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கிய சமயம் அது. அரக்கோணத்தில் ரயில் இறங்குகிறவர்களைத் திருத்தணி மலைக்கும் திருப்பதிக்கும் அழைத்துப் போகலாம் என்பது என் கணக்கு. வீட்டுத் தறியை விட்டு ஊர் சுற்றுகிற பிழைப்பு என்பது நைனாவின் கணக்கு. எங்கள் திருத்தணியில் வண்டி வாங்கினால் முதலில் முருகன் மலைக்குத்தான் போகும். அதற்கப்புறம்தான் சவாரி ஏற்றுவோம். நைனா அதிலேயே ஒரு முடிச்சுப் போட்டார்.

“மலை ஏறிடுச்சின்னா ஓட்டிக்கோ. வழியில நின்னுச்சின்னா சாமிக்கே இஷ்டம் இல்லன்னு அர்த்தம். வித்துட்டு வந்து தறியில உக்காரு.”

நான் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் பேச்சை மீறி வண்டி ஓட்டும் தைரியம் எனக்கு இல்லை.

மலைக்குப் போவதற்கு முதல் நாள் அக்காவையும் பாவாவையும் அழைத்து வரப் பள்ளிப்பட்டுக்குக் காரை எடுத்துப் போனேன். பாவா தயாராக இருந்தார். சென்னையிலிருந்து எனக்காக வாங்கி வந்த அந்தச் சிவப்பு பில்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக் காட்டினார். “கம்பெனிக்காரன் வச்ச டப்பா மூக்கடைச்ச மாதிரி மச்சான். இத்தப் போட்டா காத்து தாராளமா போவும், பெட்ரோல் நல்லா எரியும், வண்டி குதிரையாட்டம் போவும்” என்றார். கறுப்பு டப்பாவைக் கழற்றி டிக்கியில் போட்டுவிட்டு, அதன் இடத்தில் இதை மாட்டினார். மாட்டுவதற்கு முன் பில்டருக்கென்று வந்த எண்ணெயைச் சனிக்கிழமை தலைக்கு வைப்பதுபோல் சொட்டச் சொட்ட வைத்தார். அதன் பிறகுதான் பொட்டு. திருத்தணி வரும் வழியெல்லாம் என்ஜின் புதிதாக ஒரு குரலில் உறுமிக்கொண்டே வந்தது. எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைக்கவா முடியும்?

மறுநாள் காலை முன்சீட்டில் பாவா, பின்சீட்டில் நைனாவும் அக்காவும். அடிவாரம் வரை வண்டி ஒழுங்காகத்தான் வந்தது. மலைப்பாதையில் திரும்பி ஆக்சிலேட்டரை அழுத்தியதும் இருமியது, குலுங்கியது. என்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. பாதி மலையில், ஒரு வளைவில் நின்றேவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் உறுமும், நகர்த்தினால் உயிர் போகும். நைனா இறங்கி, உச்சியைப் பார்த்துக் கைகூப்பினார்.

“அவரு சொல்லிட்டாரு. நாளைக்கே விக்க ஆள் பாரு” என்றார்.

பாவா போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். கூடவே போனேன். அரக்கோணத்தில் இந்தக் காரைப் பார்த்து வாங்கிக் கொடுத்த மெக்கானிக் பாய்க்குத்தான் பேசினார். பாய் மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாதவர், எனக்கும் கேட்டது.

“பில்டரு மாத்தினீங்களா? எண்ணெ எவ்ளோ வுட்டீங்க?”

“கொஞ்சம் தாராளமா...”

“வேற இன்னா போட்டீங்க?”

பாவா குரலைத் தாழ்த்தினார். “திருநீறு.”

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு பாய் விளக்கினார். உள்ளே போகிற காற்றை அளக்க, பாதையில் சூடான மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறதாம். காற்று பட்டு அது எவ்வளவு ஆறுகிறது என்பதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடும். எண்ணெயும் திருநீறும் உறிஞ்சப்பட்டுப் போய்க் கம்பியில் அப்பிக்கொண்டால், நிறையக் காற்று போனாலும் அதற்குக் கொஞ்சமாகத்தான் தெரியும். பெட்ரோலும் கொஞ்சமாகத்தான் விடும். சமதரையில் எப்படியோ சமாளிக்கும், மேடு ஏறும்போது மாட்டிக்கொள்ளும்.

“அடுப்ப ஊதிக்கினே இருந்தா போதுமா, வெறகு வாணாவா? அந்தக் கம்பி இருக்கற சென்சாருல சொருகியிருக்கற வயரப் புடுங்கி வுடுங்க. அளவு தெரியலன்னா அதுவே குத்துமதிப்பா பெட்ரோல் வுடும். மலை ஏறிடும். எறங்கி நேரா இங்க வாங்க.”

பாவா வயரைப் பிடுங்கினார். வண்டி கிளம்பியது, குலுக்கல் இல்லை. ஆனால் நைனா வண்டிக்குள் வரவில்லை. “நின்னது நின்னதுதான்” என்றார். அவரைப் பொறுத்தவரை தீர்ப்பு எழுதியாகிவிட்டது. நான் பாவாவைப் பார்த்தேன். சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம். வெட்கம் அவருடையது, துக்கம் என்னுடையது. என்ன சாக்கு சொல்லித் தப்பிக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். அவர் நேராகப் போய் நைனாவின் கையைப் பிடித்து பானெட் பக்கம் இழுத்து வந்தார்.

“சாமி மேல பழி போடாதீங்க மாமா. நிக்க வச்சது நானு. நல்லாத்தான் இருந்துச்சி வண்டி. பெரிய இவனாட்டம் இத்தப் போட்டு, எண்ணெயக் கொட்டி, பட்டையும் போட்டு, நான்தான் கெடுத்தேன். அவன் வண்டிய விக்கச் சொல்லாதீங்க.”

கல்யாணம் ஆன நாளிலிருந்து அக்காகூட அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை. மொட்டை போட வந்த ஒரு குடும்பம் வேறு நின்று வேடிக்கை பார்த்தது. நைனா குனிந்து, எண்ணெயில் ஊறிய பில்டரையும் அதன் பொட்டையும் பார்த்தார். பாவாவைப் பார்த்தார்.

“இதுக்கு காது குத்தலயா மாப்ள?” என்றார்.

முதலில் சிரித்தது அக்காதான். நைனா முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, “ஓட்றா” என்றார். அன்று மலையில் நான் முருகனை எவ்வளவு கும்பிட்டேனோ, அவ்வளவு பாவாவையும் கும்பிட்டேன், மனசுக்குள்.

சாயங்காலம் பாய் கம்பியைச் சுத்தம் செய்து, டிக்கியில் கிடந்த பழைய டப்பாவையே மாட்டினார். பாவா அதற்கப்புறமும் மாறிவிடவில்லை. அடுத்த கல்யாண வீட்டிலேயே அந்த வளைவில் கார் ரிவர்ஸில் உருண்டதாகவும், அவர் முதுகைக் கொடுத்து நிறுத்தியதாகவும் கதை வளர்ந்திருந்தது. நைனா எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார், மறுக்கவில்லை.

போன வருடம், பாவாவின் கடைசி மாதங்களில், அவரை ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப் போவேன். ஒருநாள் கேட்டேன்: “அன்னிக்கு பேட்டரி போச்சுன்னு ஏதாச்சும் சொல்லியிருக்கலாமே பாவா? உங்களுக்கு வராத பொய்யா?”

“பேட்டரின்னா அதையும் சகுனம்னு சொல்லியிருப்பாரு உங்க நைனா. தப்பு பண்ணவன் எதிர்ல வந்து நின்னாத்தான் சாமிய வுடுவாரு” என்றார்.

இத்தனை வருடம் சொல்லாத நன்றியை அப்போது சொன்னேன். அவருக்கு அதெல்லாம் தாங்காது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ரோட்டப் பாத்து ஓட்டு மச்சான்.”

பார்த்துத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் பாவா, இன்றைக்கும்.