அமாவாசையன்று தீவுக்குப் போனோம்

எங்கள் ஊர்க் கோட்டைக்குள் அகழி சூழ்ந்த ஒரு மேடு இருக்கிறது. எல்லோரும் தீவு என்றுதான் சொல்வோம். ஒரு காலத்தில் அங்கே சிப்பாய்கள் இருந்தார்களாம். அப்புறம் சர்க்கார் பூட்டு. நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து வெளியே நின்று பார்த்ததோடு சரி. அந்தச் சிப்பாய்கள் எங்கே சமைத்தார்கள், எங்கே துணி காயப் போட்டார்கள் என்று எனக்கு ஒரே யோசனை. வீட்டுக்காரரைக் கேட்டால், "ஒனக்கு வேற வேலையே இல்லியா?" என்பார்.

போன வருஷம் தெருவில் ஆட்டோ வந்து மைக்கில் சொன்னது. தீவை ஜனங்களுக்கே விடப் போகிறார்களாம், அங்கே என்னென்ன வேண்டும் என்று புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சொல்ல வேண்டுமாம். ஒன்பதுக்கே தலை சீவிக் கிளம்பிவிட்டேன். மருமகள் தறியில் இருந்தாள்.

"நீயும் வாயேன்டி."

"நாளைக்குப் பொடவய நெஞ்சு முடிச்சு தறியிலருந்து அறுக்கணும் அத்த. நீங்க பாத்துகினு வந்து சொல்லுங்க."

தீவுக்குள் போனால் நீளமான ஓர் அறை, கூரையெல்லாம் கரி. இங்கேதான் சமைத்திருக்கிறார்கள்! எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி முடியாது. எத்தனை பேருக்கு, என்ன குழம்பு என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தேன். பந்தலில் நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. வரைபடத்தோடு ஒரு இன்ஜினியர் பெண் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க மட்டுந்தானா ஆயா?"

"ஏம்மா, நான் ஒருத்தி பத்தாதா?"

சிரித்தாள். ஆனால் முகம் சரியில்லை. "ரெண்டு தடவ நோட்டீஸ் ஒட்டிப் பாத்தோம், இது மூணாவது தடவ. யாருக்கும் இஷ்டம் இல்லன்னு எழுதிட்டா, இத கார் நிறுத்துற எடமா ஆக்கிடுவாங்க ஆயா."

இப்போதுதான் உள்ளே வந்திருக்கிறேன், அதற்குள் காரா?

"புதன்கெழம பத்து மணிக்குக் கூப்ட்டா எவ வருவா? வீட்டுக்கு வீடு தறி ஓடிகினு இருக்குமே."

"ஞாயித்துக்கெழமயும் கூப்புட்டோமே."

"தறிக்கு இன்னாம்மா ஞாயிறு? அமாவாசதான் எங்களுக்கு லீவு. அன்னிக்குத் தறியத் தொடமாட்டோம்."

அவள் என்னையே பார்த்தாள். "இத யாருமே சொல்லலியே!"

"நீ யாரக் கேட்ட? வர்ற திங்கக்கெழம அமாவாச. சாயங்காலமா வெச்சுக்கோ. காலையில படையல் இருக்கும்."

உடனே யாருக்கோ போன் போட்டு, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கெஞ்சி வாங்கினாள்.

அன்றிலிருந்து நான் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனேன். "எலெக்சன்ல நிக்கிறியா ஆயா?" என்று ஒருத்தன் கிண்டல் செய்தான். "ஆமாண்டா, மொதல்ல வந்து ஓட்டுப் போடு" என்றேன்.

திங்கட்கிழமை நாற்காலி பற்றவில்லை. முதலில் எழுந்தது யார் தெரியுமா? நாலு பேர் முன்னால் வாயே திறக்காத என் மருமகள். "பொம்பளைங்களுக்கு உள்பக்கம் தாப்பா வெச்ச கக்கூஸ் வேணும்" என்றாள். அதற்கப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். நிழல், விளக்கு, ஊஞ்சல், பெரியவர்கள் பிடித்து நடக்கக் கம்பி. இன்ஜினியர் பெண்ணுக்கு எழுதி எழுதிக் கை வலித்தது. "இனிமே யாரும் வரலன்னு எவனும் எழுத முடியாது ஆயா" என்றாள்.

கார் யோசனையை விட்டுவிட்டார்கள். இப்போது கக்கூஸுக்குச் சுவர் எழும்புகிறது. மருமகளுக்கு நேரம் ஏது? நான்தான் தினமும் போய்ப் பார்த்து வந்து சொல்கிறேன். நேற்று கொத்தனாரிடம், "தாப்பா உள்பக்கந்தான வெப்ப?" என்று கேட்டேன்.

"இல்ல ஆயா, ஆகாசத்துல வெப்பேன்" என்றான்.