நீலச் சுவர்

லண்டனில் வாடகை வீடுகளில் இருக்கும் தமிழர்களின் முறைப்பாடுகளை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பது என் வேலை. சுவர் பொசிகிறது, யன்னல் கட்டை உக்கிப்போயிற்று, இரும்புக் குழாயில் கறள், பிள்ளையின் கட்டிலுக்குப் பின்னால் பூஞ்சணம். பத்து வருடமாக இவைதான் எனக்குச் சோறு போடும் சொற்கள். மரம் உக்கும், துணி இத்துப்போகும். யாராவது மாற்றிச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. கூட வேலை செய்யும் யாழ்ப்பாணத்துப் பெண் என்னை 'உக்கல் டொக்டர்' என்று கேலி செய்வாள்.

மட்டக்களப்பில், வாவிக்கரையோரம் எனக்கு ஒரு வீடு இருக்கிறது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணத்தோடு அம்மாவும் அப்பாவும் அதை என் பெயருக்கு எழுதிவிட்டு, அதே வளவின் பின்பக்கம் ஒரு தகர வீடு போட்டு ஒதுங்கினார்கள். நாங்கள் லண்டன் போன பிறகு அவர்கள் முன்வீட்டுக்கு வந்துவிட்டார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். விடுமுறைக்குப் போனபோது எல்லோரும் அதில்தானே இருந்தோம். வீடியோவில் பேசும்போதும் அம்மாவுக்குப் பின்னால் முன்வீட்டு ஹோலின் நீலச் சுவர்தான் தெரியும்.

போன வருடம் ஒருநாள், "கூரை வளை உக்கிப்போச்சு மகள், தகரமும் கறள்" என்றார் அம்மா. விறகுக் கொட்டிலைச் சொல்கிறார் என்று நினைத்தேன். "அதக் கழட்டி வீசுங்கம்மா" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிள்ளைகளின் படிப்பு, லீவு என்று ஊருக்குப் போகாமலே ஏழு வருடம் ஓடிவிட்டது. இந்த ஆவணியில் தனியாகப் போனேன். ஏறாவூரில் இறங்கி ஓட்டோவில் போய்ச் சேர்ந்தால், வீடு பளிச்சென்று இருந்தது. கூட்டிய முற்றம், புதுப் பெயின்ற், தரையில் ஒரு தூசி இல்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனேன். அங்கே ஒரு கோப்பை இல்லை, உப்பு இல்லை, அடுப்பில் சாம்பலும் இல்லை.

"எங்கம்மா சமைக்கிறீங்க?"

அம்மா பின்கதவைப் பார்த்தார். நான் அதைத் திறந்துகொண்டு தகர வீட்டுக்குப் போனேன்.

தகரத்தைக் கறள் தின்று, உள்ளே பொட்டுப் பொட்டாக வெயில் விழுந்துகொண்டிருந்தது. கூரையைத் தாங்கும் வளை நடுவில் முறிந்து தொங்கியது; அதற்குத் தோணி தள்ளும் கம்பு ஒன்றை முட்டுக் கொடுத்திருந்தார் அப்பா. கட்டிலுக்கு மேலே பொலித்தீன் கட்டியிருந்தது. அம்மாவின் தலையணை உயரத்துக்குச் சுவரில் பூஞ்சணம்.

கத்தினேன். "முன்வீட்டுல ஏன் இருக்கல்ல?"

அம்மாவுக்கு என் கோபம்தான் விளங்கவில்லை. "சீதனமாக் குடுத்த வீட்டுல நாங்க எப்பிடி மகள் இரிக்கிற? ஊர் என்ன சொல்லும்? கூட்டித் துடைக்கப் போவம், உன்னோட கதைக்கப் போவம். பிறகு பூட்டிட்டு வந்துருவம்."

அப்பா கம்பைத் தட்டிக் காட்டினார். "இது இந்த மாரிக்குத் தாங்கும்."

தாங்காது. எத்தனை கூரைகளைப் பற்றி எழுதியிருக்கிறேன், எனக்குத் தெரியாதா. ஊருக்குத்தான் உபதேசம். இந்தக் கூரையைப் பற்றி அம்மா தன் வாயால் சொன்னபோது, கழட்டி வீசச் சொன்னவள் நான். வெட்கத்தில் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் வரை கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. கடைசியில் என் பெட்டியை இழுத்துக்கொண்டு போய்த் தகர வீட்டுக்குள் வைத்து, கட்டிலில் உட்கார்ந்தேன். "அப்ப நானும் இங்கதான்."

அம்மா பதறிப்போனார். மகளைப் பழுதடைந்த கூரைக்குக் கீழே படுக்க வைத்தார்கள் என்பது இன்னும் பெரிய பழி. இரண்டு தலையணைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்வீட்டுக்கு நடக்கத் தொடங்கினார்.

"நீ நிக்கிற மட்டும் துணைக்கு வாறம்" என்றார் அப்பா.

முன்வீட்டில் மூன்று அறைகள். ஒன்றும் வேண்டாமென்று, ஹோலில் அந்த நீலச் சுவரோரம் பாயை விரித்தார் அம்மா. விரித்த கையோடு கேட்டார்.

"எப்ப மகள் திரும்பிப் போறாய்?"

ஊருக்குப் போனால் எல்லோரும் கேட்கிற, எனக்கு எரிச்சல் மூட்டுகிற கேள்வி அது. அம்மா கேட்டது, தங்களுக்கு இன்னும் எத்தனை நாளைக்குக் கூரை இருக்கிறது என்று. டிக்கெட் கைப்பையில் இருந்தது. இன்னும் பதினொரு நாள். நான் பையை இழுத்து மூடினேன்.