தண்ணீர் போட்ட உப்பு

முதலில் என் கையெழுத்துக்காக மன்னித்துவிடுங்கள். கோடு போட்ட தாளில்கூட எழுத்து மேலும் கீழுமாக ஓடுகிறது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு எப்போதும் குழப்பம்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சம்பளத்துக்கும் ரேஷனுக்கும் கையெழுத்துப் போட மட்டும்தான். புரியாத இடத்தில் உத்தேசமாகப் படித்துக்கொள்ளுங்கள்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி ஒரு ஐஸ் கம்பெனி இருக்கிறது. அங்கே போர் மோட்டார் ஓட்டுகிறவன் நான். பூமியிலிருந்து தண்ணீர் எடுத்து, நீளமான தகர டின்களில் நிரப்பி, உறைய வைத்து, கட்டியாக இழுத்து, அரைத்துப் படகுகளில் கொட்டுவோம். காலையில் மோட்டார் போட்டதும் முதல் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து வாயில் விட்டுப் பார்ப்பதும் என் வேலை. தண்ணீரில் உப்பு ஏறினால் கட்டி வெள்ளை வெளேரென்று, பொறபொறப்பாக வரும். படகு கடலுக்குள் போய்ச் சேர்வதற்குள் கரைந்துவிடும். வருஷக்கணக்காக ருசி பார்த்தேன். தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

எங்கள் வீடு கம்பெனிக்கு நடக்கிற தூரம். தெருவுக்கு ஒரு அடிபம்பு. குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். என் வீட்டுக்காரி துறைமுகத்தில் ஏலத்துக்கு நின்று மீன் எடுத்து, அன்னக்கூடையில் எங்கள் கம்பெனி ஐஸைப் போட்டு மூடி, டவுனுக்குள் தெருத்தெருவாக விற்றாள். சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குப் பேச வராது என்பதால், எங்கேயும் அவள் பேசுவாள், நான் பின்னால் நிற்பேன். டவுனில் பழைய பிரெஞ்சுக் குடும்பங்கள் வீட்டுப் பெரியவரை ‘முசே’ என்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வந்து என்னைக் கிண்டல் செய்வாள். “எங்க வூட்டு முசே வாயத் தொறந்தா முத்து கொட்டிடும், அதான் தொறக்க மாட்டாரு.”

விழுப்புரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அவளுடைய தங்கையைக் கொடுத்திருக்கிறது. அந்தத் தங்கை மகளுக்குப் புதுநன்மை, அதாவது கோயிலில் முதல் தடவையாக நற்கருணை கொடுக்கிற விசேஷம் என்று முன்கூட்டியே போய்த் தங்கினோம். என் வீட்டுக்காரி சங்கரா மீனை ஐஸ் பெட்டியில் எடுத்துவந்து, வந்திருந்த சொந்தக்காரர்களுக்கெல்லாம் தானே குழம்பு வைத்தாள். மீன் குழம்பில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று அவளுக்கே ஒரு பெருமை.

முதல் பந்தியில் தங்கையின் மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னாம்மா, பாண்டிச்சேரில உப்புக்கு வரி போட்டுட்டாங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கை கரண்டியில் எடுத்து நக்கிப் பார்த்தாள். “அக்கா, நீ உப்பே போடல.”

“போட்டேன்டி. எப்பவும் போடுற கைதான்.”

“மாமாவுக்கு நீ டெய்லி பத்தியச் சாப்பாடுதான் போடுறியா? அதான் அவரு பேச மாட்டேன்றாரு.”

மறுபடியும் சிரிப்பு. நானும் ஒரு வாய் சாப்பிட்டேன். உண்மைதான், சப்பென்று இருந்தது. அவள் எங்கள் வீட்டில் வைப்பதுபோலவே பார்த்துப் பார்த்து வைத்த குழம்பு. முகம் சிவந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். எல்லா இலைக்கும் ஓரத்தில் உப்பு வைத்தார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். வில்லியனூர் தாண்டும்போது மெதுவாகக் கேட்டாள். “என் கை மாறல. அப்ப எது மாறிச்சு?”

வீட்டுக்குள் நுழைந்ததும் பெட்டியைக்கூட இறக்காமல் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு குடித்தாள். குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். “ஏங்க, நீங்க குடிச்சுப் பாருங்க.”

பல்லில் ரத்தம் வந்தால் நாக்கில் ஒரு ருசி தெரியுமே, அதுபோல இருந்தது. கிராமத்துத் தண்ணீர் எங்கள் நாக்கைக் கழுவி விட்டிருந்தது. அடிபம்புத் தண்ணீரில் உப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏற, அவள் கை தனக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக உப்பைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. மீதி உப்பைத் தண்ணீரே போட்டிருக்கிறது.

தங்கை வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டிலில் மிச்சம் இருந்தது. தெருப் பெண்களைக் கூப்பிட்டு அதையும் எங்கள் தண்ணீரையும் குடித்துப் பார்க்கச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி கிராமத்துத் தண்ணீரை வாயில் ஊற்றியதும் சாக்கடைப் பக்கம் துப்பினாள்.

“த்தூ! இன்னா இது, ஒண்ணுமே இல்லாம சப்புன்னு? நம்ம தண்ணிதான்டி தண்ணி. ரெண்டு நாளு ஊருக்குப் போயிட்டு வந்து பேச்சப் பாரு இவளுக்கு!”

என் வீட்டுக்காரியும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். அவர்கள் போன பிறகு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு வெகு நாளாகப் பிரஷர் உண்டு. பெரியாஸ்பத்திரி டாக்டர் ஒவ்வொரு தடவையும் உப்பைக் குறைக்கச் சொல்லி சத்தம் போடுவார். இவள் குறைப்பாள். பிரஷர் குறையாது. அடுத்த தடவை போனபோது தண்ணீர் விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். “இருக்கலாம்மா. அதனாலதான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. ஆனா அந்தத் தண்ணிய விடுங்க” என்றார்.

எப்படி விடுவது? கேன் தண்ணீர் குடிக்க வாங்கினோம். சமைக்க, அரிசி களைய, குழம்பு கொதிக்க அடிபம்புதான். கம்பெனிப் போர் உறிஞ்சுவதால்தான் அடிபம்பில் உப்பு ஏறுகிறது, ஓட்டுவதைக் குறையுங்கள் என்று கேட்க அவள் நேராக எங்கள் முதலாளியிடம் போனாள். நான் வழக்கம்போலப் பின்னால்.

முதலாளி கெட்டவர் இல்லை. கட்டி சீக்கிரம் கரைகிறது என்று படகுக்காரர்கள் அவரிடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். டின் துருப்பிடித்து, உறைய வைக்கும் தொட்டியிலுள்ள உப்புத்தண்ணீர் உள்ளே கசிகிறது என்று நினைத்து டின்களையெல்லாம் மாற்றியிருந்தார். என் நாக்கை நம்பியிருந்தார்.

“தங்கச்சி, முன்ன படகு காலைல போயி சாயந்தரம் திரும்பும். இப்ப கரையோரம் மீன் இல்ல. கடல் சூடாயிடுச்சு, மீன் ஆழத்துக்குப் போயிடுச்சுன்றாங்க. நாள்கணக்கா தங்கித்தான் புடிக்கறாங்க. அதுக்கு எவ்ளோ ஐஸ் வேணும்? வெயிலும் வருஷா வருஷம் ஏறுது. அவங்க கேக்கக் கேக்க நான் எடுக்கறேன். நான் நிறுத்துனா வேற ஊரு ஐஸ் லாரில வந்து எறங்கும். ஒன் வூட்டுக்காரருக்கு வேலை லாரில வராது.”

“வேலையக் குடிக்க முடியாதுண்ணே.”

“வெறும் தண்ணியக் குடிச்சிட்டு இருந்துடுவியா?”

அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். கடைசி வார்த்தையை அவள் அடுத்தவருக்கு விட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் கோயில் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். பருவநிலை மாற்றம் என்று பேனர் கட்டியிருந்தது. ஒரு இளம் பெண் அதிகாரி வந்திருந்தார். மரியாதையாகப் பேசினார். படம் போட்டுக் காட்டினார். கடல் மட்டம் ஏறுகிறது, மழை ஒரே நாளில் கொட்டிக் கடலுக்கு ஓடிவிடுகிறது, மண்ணுக்குள் இறங்குவதில்லை, நாம் மேலே உறிஞ்ச உறிஞ்ச, கீழே காலியான இடத்தில் கடல் நுழைகிறது. எனக்கே புரிந்தது. வளர்ச்சியும் கெடக்கூடாது, பூமியும் கெடக்கூடாது, இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி பார்க்க வேண்டும் என்று முடித்தார்.

என் வீட்டுக்காரி எழுந்தாள். “நடு எங்கம்மா இருக்குது? என் கூடைக்கு ஐஸ் வேணும், என் பானைக்குத் தண்ணி வேணும். ரெண்டும் ஒரே குழாயில வருது. நான்தாம்மா நடுவுல நிக்கறேன். எந்தப் பக்கம் போவட்டும், சொல்லு.”

தனக்கும் தெரியவில்லை என்று அந்தப் பெண் ஒத்துக்கொண்டார். பொய்யாக ஏதாவது சொல்லிச் சமாளிக்காதது எனக்குப் பிடித்திருந்தது. பிறகு, தண்ணீர் எப்படி மாறியது என்று யாராவது தெரிந்தவர்கள் எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புவதாகச் சொன்னார்.

“எங்க வூட்டு முசே எழுதுவாரு,” என்றாள் இவள். “பேசத்தான் மாட்டாரு.”

கூடமே சிரித்தது. நான் தலையை ஆட்டினேன்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போர் ஓட்டுவது என்று அங்கேயே பேசி முடித்தார்கள். முதலாளியும் ஒத்துக்கொண்டார். அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் ஓட்டினோம். மீன்பிடித் தடைக்காலமும் சேர்ந்து வந்ததால் யாருக்கும் கஷ்டம் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரிகூடத் தண்ணீர் தேறியிருக்கிறது என்றாள். உண்மையில் தேறியதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் நாக்கு மறுபடியும் பழகிவிட்டிருந்தது.

தடைக்காலம் முடிந்து படகுகள் போய்த் திரும்பின. கானாங்கெளுத்தி அப்படியொரு வரத்து. வெகு நாளாக யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வெயிலும் அப்படித்தான், சிமெண்டுத் தரையில் கால் வைக்க முடியவில்லை. எங்களிடம் இருந்த ஐஸ் காலையிலேயே தீர்ந்துவிட்டது. அன்று போர் ஓட்டாத நாள். வெளியூர் ஐஸ் லாரிகள் பெரிய படகுக்காரர்களிடம் நின்றன. பெண்களின் கூடைப் பக்கம் யாரும் திரும்பவில்லை. மத்தியானத்துக்குள் மீனின் கண் குழிந்து, வயிறு கிழிந்தது. கோழித் தீவனத்துக்கு வாங்குகிறவன் வண்டியோடு வந்து, மண்வெட்டியால் அள்ளிக்கொண்டு போனான்.

என் வீட்டுக்காரி காலிக் கூடையோடு மோட்டார் அறைக்கு வந்தாள். பின்னால் அதே தெருப் பெண்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“ஓட்டுங்க,” என்றாள்.

“கூட்டத்துல பேசினது?”

“நான்தான பேசினேன். நான்தான் சொல்றேன். ஓட்டுங்க.”

முதலாளி வாசலில் நின்றிருந்தார். நான் சுவிட்சைப் போட்டேன். அன்றையிலிருந்து தினமும் ஓடியது.

குடிக்கக் கேன் தண்ணீர், குழம்புக்கு அடிபம்பு என்று அவளும் ஓட்டினாள். உப்பு டப்பாவைத் தொடுவதையே விட்டுவிட்டாள். அடுத்த வருஷ வெயிலில், ஏலம் நடக்கிற இடத்தில், ஒரு வஞ்சிரத்துக்குக் கையைத் தூக்கினாளாம். தூக்கிய கை இறங்கவில்லை என்றார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. சில வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பேச்சு திரும்ப வரவில்லை. நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். எனக்குப் பேசவே வராது. மீன் வரத்து, மோட்டார் சூடு, பக்கத்து வீட்டுச் சண்டை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அடக்கத்தன்று கரண்ட் போய்விட்டது. வாடகைக்கு எடுத்த குளிர்ப்பெட்டி நின்றுவிட்டது. முதலாளி உடனே ஐஸ் கட்டிகளை அனுப்பினார். கோணியைப் பிரித்ததும் பார்த்தேன். வெள்ளையாக, பொறபொறப்பாக இருந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. சாயந்தரம் எடுப்பதாக இருந்தோம். வாசல் வரைக்கும் தண்ணீர் ஓடி வந்தது. மத்தியானமே எடுக்கச் சொன்னேன்.

“இன்னும் கொஞ்ச நேரம் வெச்சிருக்கலாமே மாமா,” என்று தங்கை அழுதாள்.

“இந்த ஐஸ் நிக்காதும்மா,” என்றேன். அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான்.

இப்போது அந்தப் போரை மூடிவிட்டார்கள். யாரும் சொல்லி இல்லை, அது ஐஸுக்கே ஆகாமல் போய்விட்டது. பாகூர்ப் பக்கம் எங்கேயோ வயல்காட்டுப் போரிலிருந்து லாரியில் தண்ணீர் வருகிறது. கம்பெனி ஓடுகிறது, எனக்கு வேலை இருக்கிறது. லாரி வந்ததும் குழாயைத் திறந்து உள்ளங்கையில் பிடித்து ருசி பார்க்கிறேன். நல்ல தண்ணீர். ஒவ்வொரு தடவையும், அந்த ஊரில் குழம்பு வைக்கிற பெண்களின் கை நினைவுக்கு வருகிறது. லாரி டிரைவரிடம் எந்த ஊர் என்று கேட்க நினைப்பேன். கேட்டதில்லை.

அந்த அதிகாரி மாறிப் போய்விட்டாராம். அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் இதைக் கொடுப்பேன். முசே எழுதுவாரு என்று கூட்டத்தில் அவள் சொன்ன வார்த்தை அது.

இன்று காலையில் கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தேன். மழையில் நின்று எரியவில்லை. வீட்டுக்கு வந்து கேன் தண்ணீரில் குழம்பு வைத்தேன். முன்பெல்லாம் அவள் போடுவதைப் பார்த்துப் பழகிய அளவு, இரண்டு விரலில் எடுத்து உப்புப் போட்டேன். சப்பென்று இருந்தது. அப்படியே சாப்பிட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை, கல்லறைத் திருநாள்.